மார்க்கெட்டிங் சொப்ட்வெயார் எடுக்க முன்னம் கவுண்டருக்குக் கீழ கிடக்கிற சீ.ஆர். கொப்பியை ஒருக்கா திறவுங்கோ

ரெண்டு வருசத்துக்கு முதல் எங்கட கடைக்கு மார்க்கெட்டிங் சொப்ட்வெயார் விக்க ஒருத்தர் வந்தார், டை கட்டி, கையில லப்டொப். நாங்க வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடல் பக்கமா இறங்கிற ஒரு லேனுக்குள்ள சாறியும் பிளவுஸ் தையலும் செய்யிற சின்னக் கடை, நானும் மனுசியும், தைக்க ரெண்டு பேர், கவுண்டர்ல ஒரு பிள்ளை, அவ்வளவுதான் ஆக்கள். அவர் லப்டொப்பைத் திறந்து வட்டம் வட்டமா கலர் கலரா என்னென்னவோ காட்டிப்போட்டு "உங்கட கஸ்டமர் ஆரெண்டு உங்களுக்கே தெரியாது சேர்" எண்டார். மனுசிக்குச் சிரிப்பு வந்திட்டுது, ஏனெண்டா அவவுக்கு பாதிப் பேரின்ர கை அளவு மனப்பாடம். நான்தான் விழுந்தது. ஒரு வருசக் காசை முன்னுக்கே கட்டினன். அந்த ஒரு வருசத்தில நாங்க அதில செய்த ஒரே வேலை பிறந்தநாள் வாழ்த்து எஸ்.எம்.எஸ். அனுப்பினது, அதிலயும் பேரை மாறி அடிச்சு ஒரு அன்ரிக்கு அவவின்ர மோசம்போன மனுசன்ர பேரில வாழ்த்துப் போய், நான் பழமும் வாங்கிக்கொண்டு வீட்ட போய் மன்னிப்புக் கேட்டனான்.

அதால இப்ப ஆராவது "கடைக்கு ஒரு மார்க்கெட்டிங் சொப்ட்வெயார் எடுக்கப் போறன், எது நல்லம்" எண்டு கேட்டா நான் உடன பேர் சொல்லுறதில்ல. கொப்பியைக் காட்டச் சொல்லுறன். எங்களை மாதிரிக் கடையள்ல கவுண்டருக்குக் கீழ ஓடர் எழுதுற ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கும், மட்டை கிழிஞ்சு ரபர் பாண்ட் போட்டபடி. அதை எடுத்து கடைசி 50 ஓடரைப் பாருங்கோ, ஒவ்வொண்டுக்குப் பக்கத்திலயும் அந்த ஆள் எப்பிடி வந்தவர் எண்டு பென்சிலால எழுதுங்கோ, பழைய ஆளா, ஆராவது சொல்லி வந்தவரா, ரோட்டால போகேக்க போர்டைக் கண்டு வந்தவரா, பேஸ்புக்கா, கூகிள் மெப்பா. தெரியாட்டி கவுண்டர்ல நிக்கிற ஆளைக் கேளுங்கோ, முதலாளியை விட அவைக்குத்தான் தெரியும். நாங்க இதைச் செய்தது காசு கட்டி முடிஞ்ச பிறகு. பார்த்தா முக்கால்வாசிக்கு மேல பழைய ஆக்கள், இல்லாட்டி அந்தப் பழைய ஆக்கள் கூட்டிக்கொண்டு வந்த மச்சாள், மருமகள், பக்கத்து வீடு. அப்ப எங்களுக்குத் தேவைப்பட்டது தீபாவளிக்கு ஒரு மாசத்துக்கு முன்னம் பழைய ஆக்களுக்கு ஒரு சொல் சொல்லுற சாமான், அதுக்குப் போய் நான் புதுச் சனத்தைத் தேடிப் பிடிக்கிற மெசினை வாங்கி வச்சிருக்கிறன்.

உங்கட கொப்பி வேற மாதிரிச் சொல்லும். தெகிவளையில வீட்டில இருந்து கேக் அடிக்கிறவைக்கு படம்தான் எல்லாம், இன்ஸ்டாவில கண்டுதான் சனம் வரும். கொட்டாஞ்சேனையில ரியூசன் வைக்கிறவருக்கு தாய்மாரின்ர வட்ஸ்அப் குரூப் ஒண்டே காணும். புறக்கோட்டையில ஹோல்சேல் செய்யிறவருக்கு விலை லிஸ்ட் கெதியா போய்ச் சேர்ந்தால் போதும். அந்தக் கொப்பி என்ன சொல்லுதெண்டு ஒரு வரியில எழுத ஏலாட்டி இன்னும் காசு கட்டுற நேரம் வரேல்ல.

கன பேருக்கு விடை காசில்லாமலே கையில கிடக்கு, அதால அதில கொஞ்சம் கூட நேரம் நிக்கிறன். வட்ஸ்அப் பிஸ்னஸ் எண்டு தனி ஆப் ஒண்டு 2018ல வந்தது, ஃப்ரீ. கன கடைக்காரர் அதை டவுன்லோட் பண்ணி கடைப்பேரைப் போட்டதோட விட்டிடுவினம், உள்ளுக்க இருக்கிற சாமானைத் தொடுறதில்ல. அதில லேபிள் எண்டு ஒண்டு இருக்கு. நாங்க நாலு வச்சிருக்கிறம்: "அளவு எடுத்தாச்சு", "தையல்ல", "ரெடி", "காசு பாக்கி". ஒரு அக்கா துணி தந்திட்டுப் போனா அவவின்ர வட்ஸ்அப் சட்டில முதல் லேபிள், தையல்காரர் கையில எடுத்தா ரெண்டாவது, இப்பிடி மாத்திக்கொண்டு போறது. சனிக்கிழமை பின்னேரம் கடை நிறைஞ்சு நிக்கேக்க "என்ர பிளவுஸ் ரெடியா" எண்டு பத்துப் பேர் மெசேஜ் போடுவினம், முந்தி அந்தப் பிள்ளை ஒவ்வொருக்காலும் உள்ளுக்க ஓடிப் போய் கேட்டுக்கொண்டு வரும், இப்ப லேபிளைப் பார்த்து அப்பிடியே பதில் போடுது. இதுதான் மார்க்கெட்டிங்கா எண்டு கேப்பியள், நான் ஓம் எண்டுதான் சொல்லுவன், ஏனெண்டா கெதியா பதில் வந்த கடைக்குத்தான் அந்த அக்கா மருமகளைக் கூட்டிக்கொண்டு வாறா.

இன்னொண்டு குயிக் ரிப்ளை. ஒரு சாய்ந்த கோடு போட்டு ஒரு சின்னச் சொல் அடிச்சா முழுப் பதிலும் தானா வரும், கடை நேரம், தையல் கூலி, பேங்க் கணக்கு நம்பர் எல்லாத்தையும் ஒருக்கா எழுதி வச்சா காணும். தமிழில ஒண்டு சிங்களத்தில ஒண்டு இங்கிலிஷில ஒண்டு எண்டு மூண்டாப் போட்டு வையுங்கோ, கொழும்பில கடை வச்சிருந்துகொண்டு ஒரு பாசையில மட்டும் பதில் போட ஏலாது. சிங்களத்தை ட்ரான்ஸ்லேட் ஆப்பில போட்டு அப்பிடியே ஒட்டாமல் தெரிஞ்ச ஆளிட்ட ஒருக்கா வாசிக்கக் குடுங்கோ. அதிலயே கட்டலொக் எண்ட சாமான் பட்டியல்ல 500 சாமான் வரைக்கும் படமும் விலையும் போடலாம். கடை ஃபோன் லேண்ட்லைன் எண்டாலும் பிரச்சினையில்ல, பதியேக்க கேக்கிற கோட் நம்பரை கோல் எடுத்துச் சொல்லும், அதை அடிச்சா வேலை செய்யும். ஒரு நம்பரை சாதா வட்ஸ்அப்பிலயும் பிஸ்னஸ்லயும் ஒரே நேரம் வச்சிருக்க மட்டும் ஏலாது, அதால சொந்த நம்பரைக் குடுக்காமல் கடைக்கெண்டு தனி சிம் ஒண்டு எடுங்கோ. சொந்த நம்பரைக் குடுத்தா ராத்திரி பதினொரு மணிக்கு பிளவுஸ் கொக்கி பிஞ்சு போச்செண்டு படம் வரும், அனுபவத்தில சொல்லுறன்.

எல்லாருக்கும் ஒரேயடியா அனுப்ப ப்ரோட்காஸ்ட் லிஸ்ட் இருக்கு, ஒரு லிஸ்டில 256 பேர். இதில ஒரு விசயம் கன பேருக்குத் தெரியாது: உங்கட நம்பரை தங்கட ஃபோன்ல சேவ் பண்ணி வச்சிருக்கிற ஆளுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். 200 பேருக்கு அனுப்பினன் ஒருத்தரும் பார்க்கேல்ல எண்டு குழம்பிறவை முதல் இதைப் பாருங்கோ. எங்கட பிள்ளை பில் குடுக்கேக்கயே "அக்கா நம்பரை சேவ் பண்ணுங்கோ, ரெடியானோண்ண படம் அனுப்புறன்" எண்டு சொல்லி, அவ சேவ் பண்ணும் வரைக்கும் சிரிச்சுக்கொண்டு நிக்கும். இந்த வேலையை எந்தச் சொப்ட்வெயாரும் செய்யாது.

வட்ஸ்அப்பில ஆயிரக்கணக்கில அனுப்பித் தாறன் எண்டு சின்ன விலைக்கு ஒரு புரோகிராம் காட்டுவாங்கள், நம்பர் லிஸ்டும் தாங்களே தாறம் எண்டுவாங்கள். கிட்டயும் போகாதேங்கோ. வட்ஸ்அப்பின்ர விதிக்கு அது மாறு, பிடிபட்டா நம்பரையே முடக்கிப் போடுவினம், பத்து வருசமா சனத்தின்ர ஃபோன்ல இருக்கிற கடை நம்பர் ஒரு நாள்ல போயிடும்.

கூகிள்ல கடையைப் பதியிறது ரெண்டாவது ஃப்ரீ வேலை. முந்தி கூகிள் மை பிஸ்னஸ் எண்டவை, 2021ல கூகிள் பிஸ்னஸ் ப்ரொஃபைல் எண்டு பேரை மாத்திப்போட்டினம், இப்ப அதுக்கெண்டு தனி ஆப் இல்ல, கூகிள் தேடலுக்குள்ளயும் மெப்புக்குள்ளயும்தான் திருத்திறது. வெள்ளவத்தை லேனுகளுக்குள்ள விலாசம் தேடிப் பார்த்த ஆளுக்குத் தெரியும், 12ஆம் நம்பருக்குப் பக்கத்தில 40 இருக்கும், அதால மெப்பில புள்ளியை உங்கட கடை வாசல்லயே இழுத்து வையுங்கோ, த்ரீவீல்காரர் அதைத்தான் பார்த்து வாறார். திறக்கிற நேரத்தோட போயா, தீபாவளி, சித்திரை வருசம் எண்டு பூட்டுற நாளையும் முன்னுக்கே போட்டு வைக்கலாம். வெயிலுக்க பஸ் ஏறி வந்து பூட்டின கதவைப் பார்த்த ஆள் திரும்பி வாறது கஸ்டம். ரிவியூ கேக்க வெக்கப்படாதேங்கோ, ஆனா காசு குடுத்து எழுதிக்காதேங்கோ, ஒரே நாள்ல வந்த இருபது அஞ்சு நட்சத்திரத்தைப் பார்த்தா எங்கட சனத்துக்கு உடன விளங்கும்.

படம், போஸ்டர் வேலைக்கு கன்வாவின்ர ஃப்ரீ பக்கமே காணும். பேஸ்புக்கும் இன்ஸ்டாவும் ரெண்டும் வச்சிருந்தா மெட்டா பிஸ்னஸ் சூட் எண்டது ஃப்ரீ, ஞாயிறு மத்தியானம் சோறு திண்டுட்டு இருந்து கிழமைக்கான போஸ்ட்டை எல்லாம் நாள் நேரம் குறிச்சு வைக்கலாம். இதுகளைப் பற்றி இதுக்கு மேல சொல்ல ஒண்டுமில்ல, ஒரு பின்னேரத்தில பழகலாம்.

எஸ்.எம்.எஸ். கதை வேற, அதில காசு போற ஓட்டை ஒண்டு இருக்கு. ஸ்மார்ட் ஃபோன் இல்லாத வயசான கஸ்டமருக்கு இன்னும் அதுதான் வழி, டயலொக், மொபிட்டல் மாதிரிக் கொம்பனியளிட்ட இருந்தோ இடையில நிக்கிற ஆக்களிட்ட இருந்தோ மொத்தமா வாங்கலாம். "ஒரு எஸ்.எம்.எஸ். இவ்வளவு சதம்" எண்டுதான் விலை சொல்லுவினம், ஒரு எஸ்.எம்.எஸ். எண்டா எவ்வளவு நீளம் எண்டு நீங்கதான் கேக்க வேணும். இங்கிலிஷ் எழுத்தில 160 வரைக்கும் ஒண்டு. தமிழிலயோ சிங்களத்திலயோ அடிச்சா 70தான். அதுவும் நாங்க எண்ணுற மாதிரி எண்ணுறதில்ல, கொம்பு, புள்ளி, விசிறி எல்லாம் தனித்தனி எழுத்து. "தீபாவளி" எங்களுக்கு நாலு எழுத்து, மெசினுக்கு ஏழு. போன தீபாவளிக்கு நான் எழுதினது இது: "தீபாவளி பிளவுஸ் ஓடர் இந்த மாதம் 30ஆம் திகதி வரை மட்டும் எடுக்கப்படும்." இருந்து எண்ணிப் பாருங்கோ, இடைவெளியும் கடைசிப் புள்ளியும் சேர்த்து சரியா 70. இதுக்குப் பின்னால கடைப்பேரைச் சேர்த்தீங்க எண்டா ரெண்டு எஸ்.எம்.எஸ். ஆகிடும், 400 பேருக்கு அனுப்பினா 800க்கு பில் வரும். நீண்டு போனா ஒவ்வொரு துண்டும் 70ம் இல்ல, 67. அதால கடைப்பேரை அனுப்புநர் பேரா மேல வரப் பண்ணுங்கோ, இங்கிலிஷ் எழுத்தில 11 வரைக்கும் விடும், உள்ளுக்க இடம் மிஞ்சும். சில பேர் தமிழை இங்கிலிஷ் எழுத்தில அடிச்சு மிச்சம் பிடிக்கினம். என்ர அம்மாவுக்கு அப்பிடி ஒண்டு வந்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துட்டு "இது என்ன பாசை தம்பி" எண்டு என்னட்டத் தருவா, அதால நான் அதைச் செய்யிறதில்ல.

ஈமெயில் எங்களை மாதிரிக் கடைக்குத் தேவையில்ல எண்டுதான் நான் நினைக்கிறன். ஒஃபிஸ்களுக்குச் சாமான் குடுக்கிறவை, வெளிநாட்டில கஸ்டமர் வச்சிருக்கிறவைக்கு அது வேலை செய்யும். பிரேவோ எண்ட ஒண்டில ஒரு நாளைக்கு 300 வரைக்கும் ஃப்ரீயா அனுப்பலாம். மெய்ல்சிம்ப் பேர் கன பேருக்குத் தெரியும், ஆனா ஒரு காலத்தில 2000 பேர் வரைக்கும் ஃப்ரீயா இருந்ததை பிறகு 500க்கு வெட்டிப்போட்டினம். கூகிள்காரரும் கடைக்காரருக்கு ஃப்ரீயா வெப்சைட் செய்து குடுத்திட்டு 2024 மார்ச்சில அதை நிப்பாட்டினவை, போர்ட்லயும் பில் புத்தகத்திலயும் அந்த விலாசத்தை அடிச்சு வச்ச ஆக்கள் கிடந்து முழிச்சினம். ஃப்ரீயா வாறது ஃப்ரீயாவே இருக்கும் எண்டு நினைச்சு கடைப் போர்டில பெயின்ற் அடிக்காதேங்கோ.

சரி, இவ்வளவும் செய்தும் காணாது, கஸ்டமர் கூடிப்போச்சு, காசு குடுத்து ஒண்டு எடுக்கத்தான் வேணும் எண்டு வையுங்கோ. அப்ப டெமோ காட்ட வாற ஆளுக்கு முன்னால நீங்க இருக்கக் கூடாது. கவுண்டர்ல நிக்கிற பிள்ளையை இருத்துங்கோ. சேல்ஸ் ரெப் மவுசைத் தொடக் கூடாது, வாயால மட்டும் சொல்லலாம். பிள்ளை ஒரு புதுக் கஸ்டமரைச் சேர்க்க வேணும், அவவுக்கு ஒரு மெசேஜ் அனுப்ப வேணும், பிழையா அடிச்ச பேரைத் திருத்த வேணும், "இனி எனக்கு அனுப்பாதேங்கோ" எண்ட ஒருத்தரை லிஸ்டில இருந்து எடுக்க வேணும். இருபது நிமிசம் குடுங்கோ. அதுக்குள்ள ஏலாட்டி சனிக்கிழமை பின்னேரம் ஒருநாளும் ஏலாது. டெமோவில அவர் காட்டுற லப்டொப்பையும் நம்பாதேங்கோ, உங்கட கடையில பாவிக்கிற அதே பழைய ஃபோன்ல, உங்கட டேட்டாவில திறந்து பாருங்கோ.

அதே நேரம் தமிழ் எழுத்தையும் சோதியுங்கோ, ஆக்கள் இதை மறந்திடுவினம். "கொழும்பு", "ஸ்ரீ", "துணி" எண்டு மூண்டு சொல் அடிச்சு, அதை உங்கட ஃபோனுக்கு அனுப்பச் சொல்லிப் பாருங்கோ, பிறகு பில்லிலயோ போஸ்டர்லயோ அச்சடிச்சும் பாருங்கோ. சிலதில கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமா நிக்கும், சிலதில வெறும் பெட்டி பெட்டியா வரும். எங்கட மூண்டாம் நாள் சண்டையே இதுதான், "எல்லா மொழியும் வேலை செய்யும் சேர்" எண்டு சொன்னவர் தமிழில ஒரு சொல்லுக்கூட அடிச்சுப் பார்த்திருக்கேல்ல.

விலையைக் கேக்கேக்க ரூபாயா டொலரா எண்டு கேளுங்கோ. மாசம் 15 டொலர்தானே எண்டு 2022 தொடக்கத்தில எடுத்தவருக்கு அது மாசம் 3000 ரூபா மாதிரி. ரெண்டு மூண்டு மாசத்தில டொலர் 200ல இருந்து 360க்குப் போனோண்ண அதே சாமான் 5400. கடையில சாமான் விக்கேல்ல, கரண்ட் இல்ல, ஆனா கார்டில இருந்து காசு மட்டும் ஒழுங்கா போச்சு. அதுக்கு மேல பேங்க் மாத்துற வெட்டும் இருக்கு. உள்ளூர்க் கொம்பனி எண்டா 18 வீத வெட் (VAT) வரி சேர்த்த விலையா சேர்க்காத விலையா எண்டதைப் பேப்பர்ல எழுதி வாங்குங்கோ. வருசத்துக்குக் கட்டினா விலை குறைவு எண்டு கட்டாயம் சொல்லுவினம், எனக்கும் சொன்னவை. மாசம் மாசமா மூண்டு மாசம் கட்டிப் பாருங்கோ, கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்ல. ஃப்ரீ ட்ரயலுக்கு கார்ட் நம்பர் கேட்டா ஃபோன்ல முடியிற நாளுக்கு ரெண்டு நாள் முன்னம் அலாரம் வச்சிட்டு நம்பரைக் குடுங்கோ.

கேக்க வேண்டிய அடுத்த கேள்வி சேல்ஸ் ரெப்புக்குப் பிடிக்காது: நான் விட்டுட்டுப் போனா என்ர கஸ்டமர் லிஸ்டை எப்பிடிக் கொண்டு போறது? எக்ஸெல் ஃபைலாவோ சீ.எஸ்.வீ. ஃபைலாவோ இறக்கித் தர வேணும், "கேட்டா ஒஃபிஸ்ல இருந்து அனுப்புவம்" எண்டது பதில் இல்ல. டெமோ நடக்கேக்கயே இறக்கிக் காட்டச் சொல்லுங்கோ, அந்த ஃபைலைத் திறந்து ஃபோன் நம்பர் முன்னால இருக்கிற சைபர் போகாமல் இருக்கா எண்டும் பாருங்கோ, எக்ஸெல் அதைத் திண்டுபோடும். நாங்க வருசம் முடிஞ்சு வெளிய வரேக்க எங்கட லிஸ்டை எடுக்க எத்தினை கோல் எடுத்தம் எண்டு கணக்கில்ல, கடைசியில பிள்ளை திரும்ப கொப்பியைப் பார்த்து முழுக்க அடிச்சது. கொப்பியை எறியாமல் வச்சிருந்தது மனுசியின்ர புத்தி.

லிஸ்ட் எண்டோண்ண இன்னொண்டு. சனத்தின்ர நம்பரை வச்சிருக்கிறதுக்கும் சட்டம் ஒண்டு வந்திருக்கு, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதில இப்பிடி விளம்பர மெசேஜ் அனுப்புறதைப் பற்றியும் இருக்கு. பயப்பட ஒண்டுமில்ல, நம்பர் எழுதேக்க "ஒஃபர் வந்தா மெசேஜ் போடவா அக்கா" எண்டு கேட்டு கொப்பியில ஒரு சரி போடுங்கோ, வேண்டாம் எண்டவைக்கு அனுப்பாதேங்கோ, பக்கத்துக் கடைக்காரர் லிஸ்ட் கேட்டா குடுக்காதேங்கோ.

எல்லாத்தையும் செட் பண்ணுற நாள் ஒரு வேலை: எந்தக் கணக்கையும் கடைப்பேர்ல திறந்த ஈமெயில்ல, கடை சிம் நம்பர்ல தொடங்குங்கோ. வட்ஸ்அப்பில ரெண்டாவது பூட்டுக்கு ஆறு இலக்க பின் ஒண்டு கேக்கும், அதைப் போட்டு சீ.ஆர். கொப்பியில எழுதாமல் வீட்டில எழுதி வையுங்கோ. ஃபோனுக்கு வாற கோட் நம்பரை ஆர் கேட்டாலும், கொம்பனியில இருந்து எண்டு சொன்னாலும், சொல்லாதேங்கோ. எங்கட பேஸ்புக் பேஜை முதல் தொடங்கித் தந்தது தையல்காரர்ற மகன், தன்ர சொந்தக் கணக்கில, நல்ல பெடியன், ஒரு சதம் வாங்கேல்ல. அவன் இப்ப கட்டார்ல. அட்மினுக்கு எங்களையும் சேர்க்கச் சொல்லி ரெண்டு வருசமாச் சொல்லுறம், அவனும் ஓம் ஓம் எண்டுறான், டியூட்டி முடிஞ்சு வந்து படுத்திடுவான். தீபாவளி ஒஃபர் போட வேணுமெண்டா நாங்க இன்னும் கட்டார் நேரம் பார்த்துத்தான் கோல் எடுக்கிறம்.